மார்க்கெட்டிங் நிறுவனத்தில் மூன்று மாதப் பயிற்சி: பட்டதாரிகள் ஒப்புக்கொள்ளும் முன் அறிய வேண்டியவை

மலாக்கா - பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டுப் பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில், பல இளைஞர்களுக்கு வரும் முதல் அழைப்பு நிரந்தர வேலைக்கானதாக இருப்பதில்லை. "மூன்று மாதம் எங்களிடம் பயிற்சிக்கு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்பதாகவே அது இருக்கிறது. விளம்பரம், சந்தைப்படுத்துதல், சமூக ஊடகம் ஆகிய துறைகளில் இத்தகைய குறுகிய காலப் பயிற்சி வழக்கமான ஒன்றாகிவிட்டது.

ஜாசின் மாவட்டத்தின் அசகானிலோ, அலோர் காஜா மாவட்டத்தின் தெபோங்கிலோ வளர்ந்த ஒரு பிள்ளைக்கு இந்த அழைப்பு வரும்போது வீட்டில் குழப்பம் எழுகிறது. 2025 பிப்ரவரி 1 முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். பயிற்சிக்குத் தரப்படும் அலவன்ஸ் பல வேளைகளில் அதில் பாதிகூட வருவதில்லை. தோட்டத்தில் செம்பனைக் குலை அறுக்கும் அப்பாவின் சம்பளத்தைவிடக் குறைந்த பணத்துக்கு, டிகிரி முடித்த பிள்ளை ஏன் போக வேண்டும் என்று குடும்பத்தார் கேட்பது நியாயமான கேள்விதான்.

பயிற்சி என்ற பெயரைக் கேட்டதும் மகிழவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். நிபந்தனைகள் எழுத்தில் இருக்கின்றனவா, முடியும்போது காட்டுவதற்குச் சொந்த வேலை கையில் இருக்குமா, எந்தத் தேதியில் முடிகிறது என்ற மூன்றையும் பார்த்தால் அது ஏற்கத் தக்கதா என்பது தெரிந்துவிடும்.

இரண்டு வகைப் பயிற்சி

படிக்கும் காலத்துப் பயிற்சியும் படிப்பு முடிந்த பிறகு செய்யும் பயிற்சியும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் ஏமாற்றம் அடைகின்றனர்.

முதலாவது 'லத்திஹான் இண்டஸ்திரி'. டுரியான் துங்காலில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், புக்கிட் பெருவாங்கில் உள்ள மல்டிமீடியா பல்கலைக்கழகம் போன்றவற்றில் படிப்போருக்கு இது நன்கு பழக்கமானது. மாணவரை மேற்பார்வையிட விரிவுரையாளர் ஒருவர் இருப்பார். நிறுவனம் மதிப்பீடு தர வேண்டும். சிக்கல் வந்தால் பல்கலைக்கழகத்திடம் முறையிடலாம்.

இவ்வகைப் பயிற்சிக்கு அரசாங்க ஊக்குவிப்பும் உண்டு. 2011-இல் அமைக்கப்பட்ட டேலண்ட்கார்ப் நிறுவனம் நடத்தும் கட்டமைக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் சேரும் நிறுவனங்கள், பயிற்சிச் செலவுக்கு இரட்டை வரிக் கழிவு பெறலாம். அதற்குப் பயிற்சி குறைந்தது 10 வாரம் நடக்க வேண்டும். டிகிரி மாணவருக்கு மாதம் 600 ரிங்கிட், டிப்ளோமா மாணவருக்கு 500 ரிங்கிட் குறைந்தபட்ச அலவன்ஸ் தர வேண்டும். இத்திட்டம் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கானது.

இரண்டாவது, படிப்பு முடிந்த பிறகு செய்யும் பயிற்சி. இங்கே விரிவுரையாளரும் இல்லை, பல்கலைக்கழகக் கடிதமும் இல்லை. பட்டதாரியும் நிறுவனமும் நேருக்கு நேர் பேசி முடித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. அதனால்தான் எல்லாம் எழுத்தில் இருப்பது இங்கே இன்னும் முக்கியம்.

பட்டதாரிகளுக்கென்றே அமைந்த திட்டங்களும் உள்ளன. 2011-இல் எஸ்.எல்.1.எம். என்ற பெயரில் தொடங்கி, 2019-இல் புரோட்டிஜே எனப் பெயர் மாறிய திட்டம் அவற்றுள் ஒன்று. 2021 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட மைஸ்டெப், அரசாங்கத் துறைகளிலும் அரசு சார்ந்த நிறுவனங்களிலும் குறுகிய கால ஒப்பந்த வேலை தரும் நோக்கில் வந்தது. சிறிய விளம்பர நிறுவனம் ஒன்றின் அழைப்பை ஏற்கும் முன், இத்தகைய திட்டங்களில் அப்போது விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ் இணையத்தளத்தில் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை.

உள்ளே என்ன வேலை நடக்கிறது?

விளம்பர நிறுவனத்தின் அன்றாடப் பணி வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. "கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஃபேஸ்புக் பார்க்கிறார்கள்" என்று வீட்டில் சொல்வதும் உண்டு.

வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று, தனக்கு என்ன தேவை, யாருக்குச் சொல்ல வேண்டும், எவ்வளவு பணம், எப்போது முடிய வேண்டும் என்பதை ஒரு பக்க அளவில் தரும். இதை 'பிரீஃப்' என்பார்கள். வாடிக்கையாளருடன் பேசுபவர் ஒருவர், வாசகம் எழுதுபவர் ஒருவர், படம் வடிவமைப்பவர் ஒருவர், எந்த ஊடகத்தில் எவ்வளவு செலவிடுவது என்று கணக்கிடுபவர் ஒருவர் என வேலை பிரியும். சிறிய நிறுவனங்களில் இந்த நான்கையும் இரண்டு பேரே செய்வார்கள். பயிற்சிக்கு வருபவருக்கு அங்கே நெருக்கடி அதிகம், கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம்.

பயிற்சியாளருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் சிறு சிறு வேலைகள்தான். போட்டி நிறுவனங்களின் பதிவுகளைத் தொகுப்பது, மாதத்துக்கான பதிவு அட்டவணை தயாரிப்பது, வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது, விளம்பரத்தின் பலனை அட்டவணையாக்குவது போன்றவை அவை. இவற்றுள் கடைசி வேலையைக் கவனமாகக் கற்றவர்களுக்கே பிறகு மதிப்பு கூடுகிறது.

உதாரணமாக, முறுக்கு செய்து விற்கும் ஒருவர் 300 ரிங்கிட் செலவில் இணைய விளம்பரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 10,000 முறை திரையில் தோன்றுகிறது. 150 பேர் அழுத்திப் பார்க்கிறார்கள். 12 பேர் வாங்குகிறார்கள். அழுத்தியோர் விகிதம் 1.5 விழுக்காடு, ஓர் அழுத்தத்துக்கான செலவு 2 ரிங்கிட். இதுவரை கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு விற்பனைக்கு 25 ரிங்கிட் செலவாகியிருக்கிறது. ஒரு பெட்டி முறுக்கில் லாபம் 15 ரிங்கிட் என்றால், விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் 10 ரிங்கிட் நட்டம். இதைக் கண்டுபிடித்து, விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது, எந்தப் பொருளை முன்னிறுத்துவது என்று மாற்றத் தெரிந்தவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

தமிழ் தெரிந்தவருக்கு இடம் உண்டா?

உண்டு. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்து கேட்க வேண்டும்.

தீபாவளி, பொங்கல், தைப்பூசம் காலங்களில் வங்கிகளும் பேரங்காடிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் தமிழில் விளம்பரம் செய்கின்றன. மின்னல் பண்பலை, ராகா, ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசைகள், தமிழ் நாளிதழ்கள் ஆகியவற்றுக்குத் தமிழ் வாசகம் தேவை. இவ்வளவு இருந்தும், தமிழ் விளம்பரத்தைத் தமிழ் தெரியாதவர்கள் தயாரிப்பது பல இடங்களில் தொடர்கிறது.

அதன் விளைவைப் பொதுமக்கள் பதாகைகளில் பார்க்கிறார்கள். 'பொங்கல்' என்ற சொல்லில் 'பொ' என்பது கண்ணுக்கு மூன்று துண்டாகத் தெரியும்: முன்னால் கொம்பு, நடுவில் ப, பின்னால் கால். கணினியில் சேமிக்கப்படும் வரிசை வேறு. முதலில் ப, பிறகு உயிர்க்குறி. தமிழ் எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் வசதி முடக்கப்பட்டிருக்கும் வடிவமைப்பு மென்பொருளில் இதை ஒட்டினால், கொம்பு தவறான இடத்துக்குப் போய்விடும். தமிழ் படிக்கத் தெரியாத டிசைனருக்கு அது பிழை என்றே தெரியாது. பதாகை அச்சாகி, கோயில் வாசலில் தொங்கிய பிறகுதான் புகார் வரும்.

மொழிபெயர்ப்பிலும் இதே நிலைதான். "இப்போதே முன்பதிவு செய்யுங்கள்" என்று வர வேண்டிய இடத்தில் "இப்போது புத்தகம்" என்பது போன்ற சொற்கள், இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே நம்புவதால் வருபவை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் முன்பைவிட நன்றாக எழுதினாலும், ரிங்கிட் என்று வர வேண்டிய இடத்தில் ரூபாய் என்று வந்தால், மலேசியத் தமிழர் பேசாத ஒரு தமிழில் வாசகம் அமைந்தால், அதைப் பிடிப்பதற்கு இங்கே வளர்ந்த ஒருவர்தான் தேவை.

கணினித் தமிழில் மலேசியாவுக்கு ஒரு முன்னோடி வரலாறே உண்டு. முரசு அஞ்சல் மென்பொருளை 1985-இல் உருவாக்கத் தொடங்கியவர் மலேசியரான முத்து நெடுமாறன். ஆகவே தமிழ் தட்டச்சும், எழுத்துரு சிக்கலைச் சரிசெய்யும் திறனும் உள்ளவர்கள் அதைத் தங்கள் தன்விவரக் குறிப்பில் தனியாக எழுத வேண்டும். "தமிழ் பேசுவேன், எழுதுவேன்" என்று ஒரு வரியில் முடிப்பதைவிட, "தமிழ் விளம்பர வாசகம் எழுதவும் அச்சுக்கு முன் பிழை திருத்தவும் முடியும்" என்று எழுதுவது வேலைக்கு எடுப்பவருக்குப் புரியும்.

மலாக்காவிலா, கோலாலம்பூரிலா?

பெரிய விளம்பர நிறுவனங்கள் கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் உள்ளன. மலாக்காவில் இருப்பவை பெரும்பாலும் சிறியவை. எனினும் மலாக்காவின் சந்தையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்ட நகரம் இது. தங்கும் விடுதிகள், உணவகங்கள், சுற்றுலா நிறுவனங்கள், இந்தோனேசியாவிலிருந்தும் நோயாளிகள் வரும் தனியார் மருத்துவமனைகள் ஆகிய அனைத்துக்கும் விளம்பரம் தேவை. விளம்பர நிறுவனத்தில் அல்லாமல், இத்தகைய ஒரு விடுதியின் அல்லது மருத்துவமனையின் சந்தைப்படுத்தும் பிரிவில் பயிற்சி கேட்பதும் நல்ல வழியே.

முடிவெடுக்கும் முன் குடும்பம் ஒரு தாளில் கணக்கு எழுத வேண்டும். மாதம் 800 ரிங்கிட் அலவன்ஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் அதையும், மறு பக்கம் அறை வாடகை, முன்பணம், சாப்பாடு, போக்குவரத்து, கைப்பேசிக் கட்டணம் ஆகியவற்றையும் எழுதிப் பார்க்கலாம். கோலாலம்பூரில் தங்கினால் பற்றாக்குறை எவ்வளவு, அதை மூன்று மாதம் யார் ஈடுகட்டுவது என்பது அப்போதே தெரிந்துவிடும். அண்ணனோ, சித்தியோ, மாமாவோ அங்கே இருந்து தங்க இடம் தந்தால் கணக்கு மாறும்.

அலோர் காஜா வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு புலாவ் செபாங்கிலிருந்து கோலாலம்பூர் வழியாகச் செல்லும் கொமுட்டர் ரயில் உண்டு. நேர்காணலுக்கு அது உதவும். தினமும் போய்வருவதற்குத் தூரம் அதிகம். உள்ளூரில் வேலை என்றாலும், தோட்டத்திலிருந்து ஆயர் குரோவுக்கோ நகருக்கோ தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் பெட்ரோல் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கல்விக் கடனையும் மறக்கக்கூடாது. பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிச் செலுத்துவது படிப்பு முடிந்து 12 மாதங்களில் தொடங்குகிறது. மூன்று மாதப் பயிற்சி ஒன்று, அது முடிந்து இன்னொன்று என்று போனால், அந்த ஓராண்டு அவகாசம் நிரந்தரச் சம்பளம் இல்லாமலே கரைந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

'பயிற்சி' என்று பெயர் வைத்தால் சட்டம் பொருந்தாது என்று சில முதலாளிகள் நினைக்கின்றனர். பெயர் மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. 2023 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாத நிலையில் ஒருவரை எப்போது தொழிலாளியாகக் கருதலாம் என்பதற்கு அடையாளங்களைக் கூறுகிறது. வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் நிறுவனம் கட்டுப்படுத்துவது, கருவிகளை நிறுவனமே தருவது, அந்த வேலை நிறுவனத்தின் தொழிலில் முக்கியப் பகுதியாக இருப்பது, குறிப்பிட்ட கால இடைவெளியில் பணம் தருவது போன்றவை அவை. மாறாக நிரூபிக்கப்படும் வரை அவர் தொழிலாளி என்றே கருதப்படுவார்.

தொழிலாளி என்றால் வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் சாதாரண வேலை நேரம் இருக்கக்கூடாது. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் சம்பளம் வந்து சேர வேண்டும். மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட் வரை உள்ளவருக்கு முதலாளி 13 விழுக்காடும் தொழிலாளி 11 விழுக்காடும் சேமநிதியில் செலுத்த வேண்டும். சொக்சோ பாதுகாப்பில் வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் அடங்கும். தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் பிள்ளைக்கு இது சிறிய விஷயம் அல்ல. "சொக்சோ கட்டுவீர்களா?" என்று முதல் நாளே கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சம்பளம் வராவிட்டால் ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா எனப்படும் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். பாலியல் தொல்லை தொடர்பில் நிறுவனத்திடம் புகார் செய்தால் அதை விசாரிக்க வேண்டியது முதலாளியின் கடமை. 2022 பாலியல் தொல்லை தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் 2024 மார்ச் முதல் இயங்குகிறது. அங்கே வழக்கறிஞர் இல்லாமலே புகார் கொடுக்கலாம்.

கேட்டு வாங்க வேண்டியவை

அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்தாலும், சேரும் முன் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கீழ்க்கண்டவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும்.

- தொடங்கும் தேதி, முடியும் தேதி
- மாத அலவன்ஸ், அது கணக்கில் சேரும் நாள்
- வேலை நேரம், வார விடுமுறை, நிகழ்ச்சிகளுக்காக ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாற்று விடுப்பு
- யாருடைய மேற்பார்வையில் வேலை, என்னென்ன வேலை
- சொந்தக் கைப்பேசி, மடிக்கணினி, மோட்டார் சைக்கிள் பயன்படுத்த வேண்டுமா, செலவை யார் ஏற்பது
- முடிவில் சான்றிதழும் பரிந்துரைக் கடிதமும் கிடைக்குமா
- நிரந்தர வேலை பற்றிய முடிவு எந்தத் தேதிக்குள் சொல்லப்படும்

இவற்றைப் பணிவாகக் கேட்பதற்கே முகம் சுளிக்கும் இடத்தில், மூன்று மாதம் எப்படி இருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

பயிற்சிக்குச் சேர்வதற்குப் பணம் கேட்டால் போகவே கூடாது. 'பதிவுக் கட்டணம்', 'பயிற்சிப் பொருள் கட்டணம்', 'முதல் சரக்கு வாங்க வேண்டும்' எனப் பல பெயர்களில் அது வரும். 'மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ்' என்று அழைத்து, வீடு வீடாகப் பொருள் விற்க அனுப்புவதும் நடக்கிறது. நிறுவனம் பதிவு பெற்றதா என்பதை எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடலாம். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் உடனே வங்கிக்கும், 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்துக்கும் அழைக்க வேண்டும்.

முடியும்போது கையில் என்ன?

சான்றிதழ் மட்டும் போதாது. அடுத்த நேர்காணலில் கேட்கப்படும் கேள்வி "நீங்கள் செய்ததைக் காட்டுங்கள்" என்பதே. ஆகவே வாரந்தோறும் செய்த வேலையைக் குறித்து வைக்க வேண்டும். எழுதிய வாசகம், வடிவமைத்த பதிவு, அது எத்தனை பேரைச் சென்றடைந்தது, எதை மாற்றியதும் என்ன நடந்தது என்ற விவரங்களோடு நான்கைந்து மாதிரிகள் இருந்தால் போதும்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. 1987 பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேலையின் பகுதியாக உருவாக்கியவை வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் முதலாளிக்கே சொந்தம். எனவே வெளியான வேலைகளை மாதிரியாகக் காட்ட அனுமதி உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண் உள்ள பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. அது 2010 தனிப்பட்ட தரவு பாதுகாப்புச் சட்டம் சார்ந்த விஷயம்.

துறையின் விதிமுறைகளைத் தெரிந்துகொள்வதும் பயன்தரும். மருந்து, தனியார் மருத்துவச் சேவை விளம்பரங்களுக்கு மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும். கே.கே.எல்.ஐ.யூ. என்று தொடங்கும் எண் அதற்கான அடையாளம். ஊராட்சி மன்ற எல்லையில் வைக்கும் விளம்பரப் பலகையின் மலாய் வாசகத்துக்கு டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவின் மொழிச் சரிபார்ப்பு தேவைப்படும். நேர்காணலில் இவற்றைச் சொல்லத் தெரிந்த புதியவர் எளிதில் கவனிக்கப்படுவார்.

அழைப்பே வராதவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கூகுளின் ஸ்கில்ஷாப், ஹப்ஸ்பாட் அகாடமி ஆகியவற்றில் இலவசமாகப் படித்துச் சான்றிதழ் பெறலாம். பிறகு தெரிந்தவரின் சேலைக் கடை, கேட்டரிங் தொழில் அல்லது தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம் ஒன்றின் முகநூல் பக்கத்தை இரண்டு மாதம் நடத்தி, முன்னும் பின்னும் உள்ள எண்ணிக்கையைப் பதிவு செய்தால், அதுவும் காட்டத்தக்க வேலைதான்.

பெற்றோர் செய்யக்கூடிய உதவி, தேதியை முன்கூட்டியே பேசி முடிப்பது. மூன்று மாதம் வரை வீடு தாங்கும், அந்த நாளில் நிரந்தர வேலையோ தெளிவான பதிலோ இல்லாவிட்டால் வேறு இடம் தேட வேண்டும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டால், பிறகு மனத்தாங்கல் வராது. இரண்டாம் மாத இறுதியிலேயே அடுத்த விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்க வேண்டும். பயிற்சியை நீட்டிக்கலாம் என்று நிறுவனம் கேட்டால், அலவன்ஸில் அல்ல, சம்பளத்தில் நீட்டிக்க முடியுமா என்று அப்போது கேட்கலாம். மூன்று மாதம் வேலை செய்து காட்டிய ஒருவருக்கு அப்படிக் கேட்கும் தகுதி இருக்கிறது.